முடிவுறாப் பாடலும் முடித்த கரங்களும்: ஒற்றிஸ் றெடிங்கின் இறுதிப் பாடல் பற்றிய ஒரு நோக்கு

கலைஞன் ஒருவன் தன் ஆக்கத்தை முற்றுவிக்காது மறைந்துவிட, அதனைப் பிறர் முடித்து வெளியிடின், அவ்வாக்கம் யாருக்குரியது? இவ்வினா இலக்கிய ஆய்வாளருக்குப் புதிதன்று. ஆயினும் ஒலிப்பதிவுத் தொழிலுடன் பின்னிப் பிணைந்து வளர்ந்த நவீன இசையில் இதன் சிக்கல் மேலும் கூர்மையடைகின்றது. அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் ஒற்றிஸ் றெடிங்கின் ‘சிற்றின் ஒன் த டொக் ஒவ் த பே’ என்னும் பாடலை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொண்டு நோக்குவோம்.

கறுப்பின மக்களின் தேவாலயப் பாடல் மரபும், ‘றிதம் அன்ட் புளூஸ்’ எனப்பட்ட உலகியல் இசையும் இணைந்ததன் பேறாகவே ‘சோல்’ இசை உருவாயிற்று. 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும், குடியுரிமைப் போராட்டம் வீறுபெற்ற காலத்திலேயே, அது செழித்தது. தென் மாநிலமாகிய ஜோர்ஜியாவில் 1941இற் பிறந்து மேக்கன் நகரில் வளர்ந்த றெடிங், மெம்பிஸ் நகரின் ஸ்ராக்ஸ் நிறுவனத்தின் தலையாய பாடகராக விளங்கினார். பழைய திரையரங்கொன்றே அந்நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடமாகும். அங்கு எழுதப்பட்ட இசைக்குறிப்பைப் பார்த்து வாசிக்கும் வழக்கம் அரிது. கூடியிருந்து, ஒருவர்க்கொருவர் சொல்லியும் வாசித்துக் காட்டியும், பாடலை உருவாக்கினர். பின்னணி இசைக்குழுவின் நால்வருள் இருவர் கறுப்பர், இருவர் வெள்ளையர். நிறப்பாகுபாடு ஊறிய நகரொன்றில் இது சாதாரண நிகழ்வன்று.

1967ஆம் ஆண்டு யூன் மாதம் மொன்ரறே இசை விழாவிற் பாடிய றெடிங், வெள்ளையின இளைஞரின் பேராதரவைப் பெற்றார். அக்காலப்பகுதியிற் சன்பிரான்சிஸ்கோக் குடாவை அண்டிய சோசலிற்றோவில் ஒரு படகு வீட்டிலே தங்கியிருந்தபோது இப்பாடலைத் தொடங்கினார். கிற்றார்க் கலைஞரான ஸ்ரீவ் குறொப்பர் அதனை அவருடன் சேர்ந்து வளர்த்தெடுத்தார். ஜோர்ஜியாவை விட்டு வேலையும் வாழ்வும் தேடி மேற்குக் கரைக்கு வந்தும், எதுவும் மாறாத நிலையிற் கடலை வெறித்திருக்கும் ஒரு மனிதனின் சோர்வே பாடற்பொருள். 1910 முதல் 1970 வரை ஏறத்தாழ அறுபது இலட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டுப் பெயர்ந்தனர் என்பதை மனங்கொள்ளின், இது தனிமனிதப் புலம்பல் மட்டுமன்று என்பது புலனாகும்.

நவெம்பர் 22இலும் டிசெம்பர் முற்பகுதியிலும் பாடல் பதிவாகியது. டிசெம்பர் 10ஆந் திகதி, விஸ்கொன்சின் மாநிலத்தின் மொனோனா ஏரியில் விமானம் வீழ்ந்து றெடிங் மாண்டார். அப்போது அவருக்கு வயது 26. ‘பார்-கேய்ஸ்’ இசைக்குழுவின் இளைஞர் நால்வரும் அவருடன் மடிந்தனர். ஒருவர் மட்டுமே உயிர்தப்பினார்.

எஞ்சிய பணி குறொப்பரின் கைக்கு வந்தது. நண்பனை இழந்த துயரோடு, விரைவில் வெளியிடுமாறு வற்புறுத்திய வணிக நெருக்கடிக்குள் அவர் ஒலிநாடாவை முடிக்க வேண்டியதாயிற்று. அலையோசையையும் கடற்பறவைகளின் குரலையும் அவர் சேர்த்தார். ஒலிப்பதிவின்போது றெடிங்கே விளையாட்டாகக் கடற்பறவைபோற் குரலெழுப்பியமை எஞ்சிய நாடாக்களிற் கேட்கின்றது. எனவே அச்சேர்க்கை அந்நியமானதன்று. பாடகன் விட்டுச்சென்ற குறிப்பின் விரிவே எனலாம். பாடலின் இறுதியிற் சில சொற்களைப் பேச றெடிங் எண்ணியிருந்தார் என்றும், அவை நினைவுக்கு வராமையால் சீழ்க்கையடித்தார் என்றும் பரவலாகக் கூறப்படுகின்றது. அவ்விடத்தைக் குறொப்பர் வேறெதனாலும் நிரப்பவில்லை. முடிப்பவனுக்கு வேண்டிய முதற்பண்பு எதைச் சேர்ப்பது என்பதினும் எதைத் தொடாது விடுவது என்பதை அறிதலே. இன்று அப்பாடலை நினைப்போர் முதலில் நினைவுகூர்வது அச்சீழ்க்கையையே.

1968 யனவரியில் வெளிவந்த பாடல், மார்ச் நடுப்பகுதியில் அமெரிக்கப் பாடல் வரிசையின் முதலிடத்தை அடைந்து, நான்கு வாரங்கள் அங்கு நிலைத்தது. பாடகரின் மறைவின் பின் அவ்விடத்தைப் பெற்ற முதற்பாடல் இதுவே. அதே வாரங்களில், அதே மெம்பிஸ் நகரில், கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டிருந்தனர். அவர்களுக்கு ஆதரவளிக்க வந்த மாட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4ஆந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். நாடெங்கும் ஒலித்த பாடலின் சோர்வுக்கும், அது பிறந்த நகரின் வீதியில் எழுந்த போராட்டத்துக்கும் வேர் ஒன்றே.

இனி உரிமைப் பிரச்சினைக்கு வருவோம். ஸ்ராக்ஸ் இசைத்தட்டுகளை நாடெங்கும் விநியோகித்தது அத்லான்ரிக் நிறுவனம். அந்நிறுவனம் 1967இல் வேறொரு பெருநிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 1968இல் விநியோக உறவு முறிந்தபோதே, 1965இற் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தின்படி அதுவரை விநியோகிக்கப்பட்ட இசைத்தட்டுகளின் மூல ஒலிநாடாக்கள் அத்லான்ரிக்குக்கே உரியவை என்பதை ஸ்ராக்ஸ் உணர்ந்தது. றெடிங்கின் குரலும், உடனிருந்தோர் உழைப்பும், அவர்கள் பெரிதும் காணாத ஓர் ஒப்பந்த வாசகத்தினூடாகப் பிறர் உடைமையாயின. ஸ்ராக்ஸ் 1975இன் இறுதியில் முறிந்துபோயிற்று.

ஆகவே ‘முடித்தது யார்?’ என்ற வினாவும் ‘உடையவர் யார்?’ என்ற வினாவும் வெவ்வேறானவை. முன்னதற்கு விடை, தொடங்கியவனும் துணைநின்றோருமாகிய கூட்டுழைப்பாளர் என்பதே. பின்னதற்குச் சட்டம் தந்த விடையில் அவர்களுக்கு இடமில்லை. முடிவுறாப் படைப்பை நட்பின் பொறுப்போடு முடித்தல் கலைக்குச் செய்யும் தொண்டு. அவ்வுழைப்பை உடைமையாக்கிக் கொள்ளுதல் வணிகத்தின் இயல்பு. மறைந்த கலைஞரின் ஆக்கங்களை மதிப்பிடுவோர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.