கால்வாசி பீரோ விலை போகுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஸ்பிரெட் ஷீட்டில் பெரும்பாலும் வீட்டுக் கணக்கைத்தான் கூட்டிப் பார்க்கிறார்கள். எதை எவ்வளவு செய்தால் அதிக லாபம் என்ற கேள்விக்கும் அதுவே விடை தரும். ஒரு முறை அந்த விடையில் நான் ஏமாந்தேன். அந்தக் கணக்கையே இங்கு பயிற்சியாகத் தருகிறேன்.

என் அக்காவின் கணவர் மரப்பட்டறை வைத்திருக்கிறார். கைவசம் 66 கன அடி மரம். ஆட்களின் வேலை நாள் 34. ஒரு கட்டிலுக்கு 6 கன அடி மரம், 4 நாள் வேலை; லாபம் 3,000 ரூபாய். ஒரு மர பீரோவுக்கு 11 கன அடி, 5 நாள்; லாபம் 5,000 ரூபாய். இரண்டுக்கும் ஆர்டர் நிறைய இருந்தது. எதை எத்தனை ஏற்பது? மகளின் கல்லூரிக் கட்டணம் 30,000 ரூபாயை இந்த வேலையில்தான் அவர் எடுத்தாக வேண்டும்.

இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸின் கால்க் தொகுப்பைத் திறந்தேன். பி2 செல் கட்டிலுக்கு, சி2 பீரோவுக்கு, இரண்டும் காலி. பி3-ல் லாபத்துக்கான பார்முலா, அதாவது பி2-ஐ 3000-ஆலும் சி2-ஐ 5000-ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். இதே போல் பி4-ல் மரம், பி5-ல் வேலை நாள். பிறகு டூல்ஸ் மெனுவில் சால்வர். டார்கெட் செல் பி3. மேக்சிமம் என்பதைத் தேர்வு செய்யுங்கள். மாற வேண்டியவை பி2, சி2. நிபந்தனைகள்: பி4 அதிகபட்சம் 66, பி5 அதிகபட்சம் 34. ஆப்ஷன்ஸில், மதிப்புகள் பூஜ்யத்துக்குக் கீழே போகாமலிருக்கும் கட்டத்தில் டிக் செய்து, சால்வ் பட்டனை அழுத்துங்கள்.

விடை: 3.14 கட்டில், 4.29 பீரோ, லாபம் 30,857 ரூபாய். கால்வாசி பீரோவை யார் வாங்குவார்? நானாகவே 3 கட்டில், 4 பீரோ என்று குறைத்துச் சொன்னேன். லாபம் 29,000. "ஆயிரம் ரூபாய் குறையுதே, மாப்ளே" என்றார் அத்தான்.

மறுநாள்தான் தவறு புரிந்தது. சால்வரில் இன்னொரு நிபந்தனை சேர்த்தேன்: பி2, சி2 செல்களுக்கு இன்டிஜர், அதாவது முழு எண். விடை அடியோடு மாறியது. கட்டிலே வேண்டாம், 6 பீரோ, சரியாக 30,000!

இது எப்படி? முதல் விடையைத் தரும் சிம்ப்ளெக்ஸ் முறையை 1947-ல் ஜார்ஜ் டான்ட்சிக் உருவாக்கினார். முழு எண்ணுக்கு அது போதாது. 1960-ல் அய்ல்சா லேண்ட், அலிசன் டாய்க் என்ற இரு பெண்கள் கிளை பிரிக்கும் வழியை வெளியிட்டார்கள். 3.14 கட்டில் கிடையாது. எனவே 3 வரை ஒரு கிளை, 4 முதல் இன்னொரு கிளை. 4 முதல் போகும் கிளையில், பீரோவைப் பின்னமாகவே விட்டாலும் லாபம் 30,000-ஐத் தாண்டாது. மற்றக் கிளையை மேலும் பிரித்துக் கொண்டே போனால் அந்த 6 பீரோ அகப்படுகிறது. பக்கத்து முழு எண்ணை மட்டும் பார்த்த என் கண்ணுக்கு அது படவில்லை.

உங்களுக்கு ஒரு கேள்வி. மரத்தை 72 கன அடியாக மாற்றி, இன்டிஜர் நிபந்தனையை நீக்கிப் பாருங்கள். 1 கட்டில், 6 பீரோ, 33,000 ரூபாய் என்று முழு எண்ணாகவே வரும். ஏன்? பி4, பி5 செல்களைக் கவனியுங்கள்.