கார் உள்ளே குரோம் மங்கிடுச்சா? செலவு பண்றதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினவங்களே, கதவு கைப்பிடி, ஏசி வென்ட் ஓரமெல்லாம் குரோம் மங்கியிருக்கா? உடனே பாலிஷ் போடாதீங்க. பிளாஸ்டிக் மேல இருக்கிறது மெல்லிய உலோகப் பூச்சுதான். அழுத்தித் தேய்ச்சா அதுவும் போயிடும்.

முதல்ல சோப்புத் தண்ணி தொட்ட மைக்ரோஃபைபர் துணியால துடைங்க. வெறும் அழுக்குன்னா பளபளப்பு வந்துடும், செலவே இல்லை.

உரிஞ்சே போயிருந்தா எந்த பாலிஷும் அதைத் திருப்பிக் கொண்டுவராது. உரிஞ்ச விளிம்பு பிளேடு மாதிரி விரலைக் கிழிக்கும். அதனால, கை படுற கைப்பிடிக்கு மட்டும் புது பார்ட் வாங்குங்க. கை படாத இடத்துல உரியுறதை எடுத்துட்டு குரோம் வினைல் ஒட்டினா போதும்.

'மொத்த செட்டையும் மாத்தணும்'னு கடையில சொன்னா, எத்தனை பீஸ் நிஜமாவே உரிஞ்சிருக்குன்னு எண்ணிட்டுப் பேசுங்க. மிச்சமாகுற காசு இன்ஷூரன்ஸ் பிரீமியத்துக்கு ஆகும்!