பாலர் சபையில் முதல் பாடம்

வீட்டுப் பிள்ளை ஒருவன் கணீரென்று பாடினால், இன்று நாம் அவனுக்கு ஒரு பாட்டு வாத்தியாரை ஏற்பாடு செய்கிறோம். நூறு வருஷங்களுக்கு முன்னால், குடும்பமும் ஏழையாயிருந்தால், அவனைக் கொண்டுபோய் நாடகக் கம்பெனியில் சேர்த்தார்கள்.

1918-ம் வருஷம் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை ஆரம்பமாயிற்று. அதன் ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள். அதில் சேர்ந்த சகோதரர் மூவரில் இளையவரான டி. கே. ஷண்முகத்துக்கு அப்போது வயது 6. பால் மணம் மாறாத பருவத்தில் தொழில் பிரவேசம்!

பெரியவர்களை வைத்து நாடகம் நடத்திப் பார்த்தவர் சுவாமிகள். ராஜபார்ட்டுக்காரர் மேடையில் பாட்டுப் போட்டியில் இறங்கிவிட்டால், கதை எந்தத் திசையில் போகும் என்று ஆசிரியருக்கே தெரியாது. எழுதிக் கொடுத்த பாடத்தை எழுதியபடியே சொல்வதற்குச் சிறுவர்கள்தான் ஏற்றவர்கள் அல்லவா? பகலெல்லாம் பாடம், பாட்டு, ஒத்திகை. இரவில் அரிதாரம். ஒலிபெருக்கி இல்லாத அந்தக் காலத்தில், கொட்டகையின் கோடியில் உட்கார்ந்திருப்பவர் காதிலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழவேண்டும். மெல்லிய உருவமும் இனிய சாரீரமும் வாய்த்த பையனுக்கு ஸ்திரீபார்ட் கிடைக்கும். சாப்பாடும் படுக்கையும் கம்பெனியில். பாடம் தவறினால் அடியும் உண்டு. 'அடித்து வளர்த்ததால்தான் நன்றாக நடித்தார்கள்' என்று இன்றும் சிலர் பெருமை பேசுகிறார்கள். அந்தப் பெருமை அடி வாங்காதவர்களுக்கே எளிது.

ஆனால் அடியைவிடப் பையன்கள் அஞ்சியது மகரக்கட்டுக்கு. பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடைவதற்கு நாடகக்காரர்கள் இட்ட பெயர் அது. நேற்று வரை உச்ச ஸ்தாயியில் நின்று 'ஒன்ஸ் மோர்' வாங்கிய தொண்டை, இன்று கரகரக்கும். பள்ளிக்கூடத்தை விட்டு வந்தாயிற்று. வேறு தொழிலும் பழகவில்லை. சிலருக்குப் புதுக்குரல் நன்றாகவே அமைந்தது; ராஜபார்ட்டும் கிடைத்தது. மற்றவர்கள் சில்லறை வேஷங்களோடு நின்றார்கள், அல்லது படுதா இழுக்கப் போனார்கள், அல்லது ஊர் திரும்பினார்கள். அவர்களுடைய பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை.

1922-ல் சுவாமிகள் புதுச்சேரியில் காலமானார். 1925-ல் சகோதரர்கள் திருவனந்தபுரத்தில் சொந்தச் சபையைத் துவக்கினார்கள். அதற்கு இட்ட பெயர் ஸ்ரீ பால ஷண்முகானந்த சபை. பெயரில் இடம்பெற்ற ஷண்முகத்துக்கு அப்போது 13 வயதுகூட நிறையவில்லை. மகரக்கட்டு இனிமேல்தான் வரவேண்டும்.