'பிளஃப்' என்னும் சொல்

நம் விடுதிகளில் நாள்தோறும் அடிபடும் ஆங்கிலச் சொற்களுள் ஒன்று 'பிளஃப்'. நண்பன் ஒருவன் சற்றே ஊதிப் பேசினால் போதும், "பிளஃப் விடாதே!" என்று வாயடைத்து விடுகிறோம். புளுகு என்பதே அதன் பொருள் எனக் கொண்டுவிட்டோம். ஆனால் கள்ளமே அறியாதவனுக்கும் அச்சொல்தான் பெயர் என்றால் வியப்பாக இல்லையா?

17ஆம் நூற்றாண்டில் இது மாலுமிகளின் சொல். கூரிய முனையின்றி அகன்று செங்குத்தாக நிற்கும் கப்பல் முகப்பை அவர்கள் 'பிளஃப்' என்றனர். அமெரிக்காவில் குடியேறியோர் அதே தோற்றமுடைய ஆற்றங்கரை மேடுகளுக்கும் அப்பெயரை இட்டனர். மிசௌரி ஆற்றை ஒட்டிய கவுன்சில் பிளஃப்ஸ் நகரின் பெயர் அவ்வாறு வந்ததே. கனடாவின் சமவெளிகளிலோ இச்சொல் மரத்தோப்பைக் குறிக்கும்!

பின்னர் இது மனிதருக்கும் ஏறிற்று. வெட்டு ஒன்று, துண்டு இரண்டு எனப் பேசினும், உள்ளத்தில் சூதில்லாத கலகலப்பான மனிதனை 'பிளஃப்' மனிதன் என்பர். இங்கிலாந்து மன்னன் எட்டாம் ஹென்றிக்கும் இவ்வடைமொழி உண்டு.

நாம் அறிந்த பொருள் வேறு வழியில் வந்தது. தற்பெருமை பேசுதலைக் குறிக்கும் டச்சுச் சொல்லே அதன் மூலம் என அறிஞர் பலர் கருதுவர். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கப் 'போக்கர்' சீட்டாட்டத்தில் அது வேரூன்றியது. கையில் நல்ல சீட்டில்லாதவன் பெரும் பணயம் வைப்பான். எதிரி அஞ்சி விலகினால் வென்றான். எதிரி அஞ்சாமல் ஈடாகப் பணயம் வைத்துச் சீட்டைக் காட்டச் சொன்னால், சாயம் வெளுத்தது!

ஆகவே வெறும் பொய் 'பிளஃப்' ஆகாது. இல்லாத வலிமையை இருப்பதாகக் காட்டிப் பிறரை இணங்கவோ பின்வாங்கவோ செய்வதே அது. நம் தமிழில் 'பூச்சாண்டி காட்டுதல்' என்பது இதற்கு மிக நெருங்கி வரும். வாய்மொழித் தேர்வில் படிக்காத நூலைப் படித்தவன்போல் முழங்குகிறோமே, அது 'பிளஃப்'. ஊர்த் திருவிழாவைப் பற்றி அளப்பது வெறும் புளுகு.

எளிய வழி ஒன்று சொல்வேன். ஒருவரைச் சிறப்பிக்கும் அடைமொழியாக வரின் ஒளிவுமறைவின்மை. வினையாக வரின் பெரும்பாலும் பாசாங்கு. நற்சான்று ஒன்றில் ஒருவரைப் 'பிளஃப்' மனிதர் என்று எழுதியிருந்தால், அவரைப் புளுகர் எனத் தள்ளிவிடாதீர்கள். சொல்லைப் பிழையாக அறிந்தால், நல்லவனொருவனைப் பிழையாக அறிவோம்.