உப்புக் காற்றில் இரு கார்கள்

ஒஸ்ரின் ஏ-40 சிறந்ததா, மொறிஸ் மைனர் சிறந்ததா என்னும் வழக்கு யாழ்ப்பாணத்தில் இரு தலைமுறையாகத் தீரவில்லை. சென்ற ஆண்டு அவ்வழக்கில் நானும் சாட்சி சொல்ல நேர்ந்தது. பழைய கார்களைச் சேகரிக்கும் என் முன்னாள் மாணவர் ஒருவர் கொழும்பிலிருந்து வந்திருந்தார். வேலணையில் ஒரு வீட்டுக் கொட்டிலில் இரண்டும் அருகருகே நின்றன. "சேர், எதை வாங்கலாம்?" என்றார்.

அழகை மட்டும் நோக்கின் மைனரே முந்தும். 1948இல் வெளிவந்த அதனை ஆக்கியவர் அலெக் இஸிகோனிஸ். மாதிரி வண்டி ஒடுங்கியிருப்பதாகக் கண்டு, அதனை நடுவே இரண்டாக அறுத்து நான்கு அங்குலம் அகட்டினார் அவர். ஓட்டுவோன் எண்ணியவாறே திரும்பும் வண்டி அது. 1947இல் வந்த ஏ-40 டெவனோ கனமானது; 1200 கன சென்ரிமீற்றர் இயந்திரம், நாற்பது குதிரைவலு. குடும்பம் முழுவதையும் ஏற்றிக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குக் கொண்டு சேர்த்து, நயினாதீவு அம்மனைத் தரிசித்து மீளும்வரை காத்துநிற்பதற்கு ஏற்ற உடல்வாகு.

ஆனால் பண்ணைத் தாம்போதியில் இருபுறமும் கடல். உப்புக் காற்று அழகைக் கேட்பதில்லை, இரும்பைத்தான் கேட்கிறது. மைனருக்குத் தனிச் சட்டகம் இல்லை, உடலே எலும்பு. அடித்தகடு துருப்பிடித்தால் வண்டியின் வலிமையே போய்விடும். ஏ-40க்கு அடியில் தனிச் சட்டகம் உண்டு. மேலுடல் சில இடங்களில் அரித்தாலும் தாங்கி நிற்கும்.

மற்றொரு சோதனையும் இவ்வண்டிகளுக்கு வந்தது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்கிற்குப் பெற்றோல் தடைப்பட்டது. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினர் எம்மவர். அமுக்கம் குறைந்த பழைய இயந்திரங்களாதலால் இரண்டும் அதனைப் பொறுத்துக்கொண்டன. நோயாளியும் மணமகளும் அந்தப் புகையினூடேதான் பயணித்தார்கள். வெளியிலிருந்து உதிரிப் பாகம் வராத அந்நாட்களில் இவற்றை உயிரோடு வைத்திருந்தது பட்டறைக்காரரின் கைத்திறனே. பிரித்தால் விளங்கக்கூடிய இயந்திரமாயிருந்ததும் ஒரு காரணம்.

2009இல் போர் முடிந்தபின் சேகரிப்போர் இங்கே தேடி வரலாயினர். வண்டிகள் ஒவ்வொன்றாகத் தெற்கே போகின்றன. அதனை நான் குறைகூறேன். பிள்ளைகள் கடல்கடந்து வாழ, ஓட்ட ஆளின்றி நிற்கும் வண்டியைக் கொட்டில் காப்பாற்றாது.

மாணவரிடம் விளக்கைக் கொடுத்து, மைனரின் அடியில் தட்டிப் பார்க்கச் சொன்னேன். தட்டிய இடத்தில் துரு பொலபொலவென உதிர்ந்தது. ஏ-40இன் சட்டகம் கணீரென்றது. அதையே வாங்கினார்.

பணத்தை எண்ணாமலே மடியில் வைத்துக்கொண்ட வீட்டுப் பெரியவர் ஒன்றே கேட்டார்: "தம்பி, கண்ணாடிக்குள்ளை பூட்டி வையாதேங்கோ. மாதத்திலை ஒருக்காலாவது ஓடுங்கோ."

சேகரிப்போர்க்கு இதனினும் சிறந்த அறிவுரை எனக்குத் தோன்றவில்லை. ஓடுவதற்காகப் பிறந்தவை இவை. இத்தனை துன்பத்திலும் பிழைத்தது ஓடியதனாலேதான். பெரியவர் பண்ணைவரை முன்னாசனத்தில் அமர்ந்து வந்தார். மைனர் இன்னும் அக்கொட்டிலில் நிற்கிறது.