உள்வாடகையை ஈசியாக்கினா வாடகை குறையுமா?

இந்த எபிசோட்ல ஒரே கேள்விதான். நாம வாடகைக்கு எடுத்த வீட்டை, இல்ல அதுல ஒரு ரூமை, இன்னொருத்தருக்கு வாடகைக்கு விடுறதை அரசாங்கம் ஈசியாக்கினா என்ன ஆகும்? வீடு தேடி அலையுறவங்களுக்கு அது நல்லதா?

இதுக்கு உள்வாடகைன்னு பேரு. ஏதோ புதுசா வந்த வெளிநாட்டுச் சமாச்சாரம் இல்ல. நான் சேத்தூர்க்காரன். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் 'ஒத்தி'ன்னு ஒண்ணு உண்டு. மொத்தமா ஒரு தொகையைக் குடுத்துட்டா மாச வாடகை கிடையாது. அந்தப் பணம் திரும்பி வர்ற வரைக்கும் வீடு நம்ம கையில இருக்கும். 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டப்படி முறையா எழுதின ஒத்தின்னா, ஒத்திக்காரர் தானும் குடியிருக்கலாம், அந்த வீட்டு வாடகையையும் வாங்கிக்கலாம்.

சாதாரண வாடகைக்கும் அதே சட்டத்தோட 108ஆவது பிரிவு ஒரு விஷயம் சொல்லுது. ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலைன்னா, குடியிருக்கிறவர் உள்வாடகைக்கு விடலாம். ஆக, ஆரம்பத்துல சட்டத்தோட பதில் 'விடலாம்'தான்.

அப்புறம் எப்படி மாறிச்சு? தமிழ்நாட்டோட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இதைத் திருப்பிப் போட்டுச்சு. வீட்டுக்காரரோட எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாம உள்வாடகைக்கு விட்டா, அதையே காரணமாக் காட்டி வெளியேத்தலாம்னு ஆச்சு.

அதுல ஒரு நியாயம் இருந்துச்சு. அந்தச் சட்டம் 'நியாய வாடகை'ன்னு ஒரு அளவு வச்சுது. சட்டப்படி வாடகை கம்மி, வெளியில நடக்கிற வாடகை ஜாஸ்தின்னா நடுவுல ஒரு இடைவெளி விழும். உள்வாடகையைத் திறந்து விட்டா, வீடு கட்டாதவர், வீட்டுக்குச் செலவே பண்ணாதவர் அந்த இடைவெளியைப் பாக்கெட்ல போட்டுக்கலாம். அதைத் தடுக்கத்தான் பூட்டு.

ஆனா 2019 பிப்ரவரி 22ல இருந்து அந்தப் பழைய சட்டம் இல்ல. 2017ல நிறைவேத்தின புதுச் சட்டம் அமலுக்கு வந்துச்சு. இப்ப வாடகை எவ்வளவுங்கிறது ரெண்டு பேரும் பேசி முடிவு பண்றது. ஆனா உள்வாடகைக்கு எழுத்துப்பூர்வ சம்மதம் வேணும்கிற விதி மட்டும் அப்படியே இருக்கு. இடைவெளி போயிடுச்சு, பூட்டு போகலை.

இப்ப ஒரு கணக்கு. நாலு பேர் சேர்ந்து சென்னையில மாசம் 24,000 ரூபாய்க்கு ஒரு ஃப்ளாட் எடுத்திருக்காங்கன்னு வச்சுக்குவோம். தலைக்கு 6,000. ஒருத்தருக்கு ஆறு மாசம் வெளியூர்ல ப்ராஜெக்ட். அந்த இடம் சும்மா கிடக்கும், இல்ல மூணு பேர் தலைக்கு 8,000 கட்டணும். உள்வாடகை ஈசின்னா, ஊர்ல இருந்து புதுசா வர்ற ஒருத்தருக்கு ஆறு மாசத்துக்கு இடம் கிடைக்கும். ஒரு செங்கல் கூட வைக்காம ஒரு இடம் கூடுது. இது நல்ல பக்கம்.

இன்னொரு பக்கமும் இருக்கு. அந்த இடத்துக்குப் புதுசா வர்றவர் 8,000 குடுக்கத் தயார்னு வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா, அடுத்த ஒப்பந்தத்துல மொத்த வாடகையே ஏறும். உள்வாடகைக்கு விடுறதுக்காகவே நாலஞ்சு வீட்டை வளைச்சுப் போடுறவங்களும் வருவாங்க. பல பிஜி நடக்கிறதே இப்படித்தான்: ஒருத்தர் வீட்டை வாடகைக்கு எடுப்பார், கட்டில் கணக்குல விடுவார். யார் வந்து தங்குறாங்கன்னு தெரியாத பயம் வீட்டுக்காரருக்கு இருக்கும், அதையும் தப்புன்னு சொல்ல முடியாது.

இந்த ரெண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க ஸ்வீடன் நல்ல உதாரணம். அங்க பெரும்பாலான வாடகை வீடுகளுக்கு வாடகை கட்டுப்பாட்டுல இருக்கு. ஸ்டாக்ஹோம்ல வரிசையில நின்னு வீடு வாங்க சராசரியா பல வருஷம் ஆகுது. அதனால இளைஞர்கள் பலருக்கும் உள்வாடகைதான் கதி. அதை அவங்க மொழியில 'ரெண்டாம் கை'ன்னே சொல்றாங்க. 2013ல, சொந்த ஃப்ளாட்டை விடுறவங்க தங்களோட முதலுக்கும் செலவுக்கும் ஏத்த மாதிரி வாடகை வாங்கலாம்னு தளர்த்தினாங்க. ஆனா கட்டுப்பாட்டு வாடகையில இருக்கிறவர் உள்வாடகைக்கு விட்டு லாபம் பார்க்கிறதை 2019ல குற்றமாவே ஆக்கினாங்க. ஒரே நாடு, ஒரு கதவைத் திறந்துச்சு, ஒரு கதவை மூடுச்சு. காரணம் நாம மேல பார்த்த அதே இடைவெளிதான்.

அப்ப நம்ம ஊருக்கு? உள்வாடகையைத் தளர்த்தினா வாடகை தடதடன்னு குறைஞ்சுடும்னு நான் நம்பலை. வாடகையைக் குறைக்க நிறைய வீடு வேணும். தளர்த்துறதால நடக்கக்கூடியது வேற: இப்ப ஒளிஞ்சு மறைஞ்சு நடக்கிறது வெளிச்சத்துக்கு வரும். எனக்கு அதுதான் முக்கியமாப் படுது.

ஏன்னா இன்னைக்கு ரொம்ப ரிஸ்க் எடுக்கிறது மூணாவதா வர்றவர்தான். ஒப்பந்தத்துல அவர் பேர் கிடையாது. அட்வான்ஸை ரூம்மேட் கையில குடுத்திருப்பார், ரசீது இருக்காது. மெயின் வாடகைதாரரைக் காலி பண்ணச் சொன்னா பொதுவா அவரும் பெட்டியைக் கட்டணும். அட்வான்ஸை வீட்டுக்காரர்கிட்ட கேட்டா, "நீங்க யாரு தம்பி?"ன்னு கேப்பார்.

அதனால தளர்த்துறதுன்னா இப்படித் தளர்த்தலாம்னு தோணுது: சரியான காரணம் இல்லாம சம்மதத்தை மறுக்கக் கூடாது. உள்ள வர்றவர் பேர் பதிவுல ஏறணும். அட்வான்ஸ் யார் திருப்பித் தரணும்னு அதுலயே எழுதியிருக்கணும்.

சட்டம் மாறுற வரைக்கும், உள்வாடகைக்குப் போறவங்க மூணு விஷயம் பாருங்க. வீட்டுக்காரரோட சம்மதக் கடிதத்துல உங்க பேர் இருக்கா? மெயின் ஒப்பந்தம் எப்ப முடியுது? 11 மாச ஒப்பந்தத்துல பத்தாவது மாசம் நீங்க நுழையலாம், ஜாக்கிரதை. மூணாவது, அட்வான்ஸை ரொக்கமாக் குடுக்காதீங்க, பேங்க் வழியா அனுப்புங்க, எதுக்குன்னு குறிப்பும் போடுங்க.

உங்க ஃப்ளாட்ல யாராவது இப்படித் தங்கியிருந்தா இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்புங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.