அலை சுமந்து வருவது எது?

துணி உலர்த்தும் கொடிக் கயிற்றின் ஒரு நுனியை அவிழ்த்துக் கையில் பிடித்து, மேலும் கீழுமாக ஓர் உதறு உதறிப் பாருங்கள். ஒரு வளைவு எழும்பி மறுமுனை வரை ஓடும். கயிற்றின் நடுவில் ஒரு ரிப்பனைக் கட்டி வைத்திருந்தால், அது எழும்பித் தாழுமே தவிர, வளைவோடு கூட ஓடாது. அப்படியானால் ஓடியது எது? உங்கள் கை கொடுத்த சக்திதான்! பொருள் தன் இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்க, சக்தி மட்டும் பயணம் போகிறதே, அதுதான் அலை.

அலையின் மேட்டுக்கு முகடு என்று பெயர், பள்ளத்துக்கு அகடு. ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரையுள்ள தூரம் அலைநீளம். சமமட்டத்திலிருந்து முகடு எவ்வளவு உயர்கிறதோ, அது வீச்சு. வீச்சு இரண்டு மடங்கானால் சக்தி நான்கு மடங்காகிவிடும்!

"இதெல்லாம் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு, நமக்கு எதற்கு?" என்கிறீர்களா? 2004 டிசம்பர் 26-ஆம் தேதிக் காலையை நினைத்துப் பாருங்கள். சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் தமிழகக் கரையில் சுனாமி மோதியது. சுமத்ராவின் தண்ணீரா இங்கே வந்தது? இல்லை. வந்தது சக்தி, அது நம் கரைத் தண்ணீரையே தூக்கி அடித்தது.

நடுக்கடலில் அந்த அலையின் உயரம் இரண்டடி போலத்தான் இருந்தது. அலைநீளமோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர்! ஆகவே ஆழ்கடலில் இருந்தவர்கள் அதை உணரவே இல்லை. கரையருகே ஆழம் குறையவே வேகம் தணிந்தது. பின்னால் வந்த சக்தி நெருங்கிக் குவிந்தது. வீச்சு மளமளவென்று உயர்ந்தது.

அதே நாளில், தாய்லாந்தின் புக்கெட் தீவுக்கு விடுமுறைக்கு வந்திருந்தாள் டில்லி ஸ்மித் என்ற 10 வயது ஆங்கிலச் சிறுமி. கடல் விபரீதமாக நுரைத்துப் பொங்குவதைக் கண்டதும், இரண்டு வாரங்களுக்கு முன் பூகோள வகுப்பில் படித்தது அவளுக்கு நினைவு வந்தது. சுனாமி வருகிறது என்று பெற்றோரை எச்சரித்தாள். அந்தக் கடற்கரையில் இருந்த சுமார் நூறு பேர் உயிர் தப்பினார்கள்.

உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். கடல் திடீரென்று உள்வாங்கினால், சிப்பி பொறுக்கப் போகக் கூடாது. வந்திருப்பது அகடு, முகடு பின்னால் வந்துகொண்டிருக்கிறது. உடனே மேட்டை நோக்கி ஓட வேண்டும். ஓர் அலை வந்து போய்விட்டதே என்று திரும்பவும் கூடாது. அடுத்தது அதைவிடப் பெரிதாக இருக்கலாம்!